போரைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நூலும் படமும் தெரிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வளரும் பிள்ளைக்குப் போரை நாம் புதிதாக அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை. அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிறது. பாதியில் நின்றுபோகும் பெரியவர்களின் பேச்சில் இருக்கிறது. திருவிழா வெடிச்சத்தம் கேட்டதும் அம்மம்மாவின் முகம் மாறுவதில் இருக்கிறது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் ஷெல் சத்தம் கேட்டதில்லை. ஷெல்லைப் பற்றிய அரைக்கதைகளை நிறையவே கேட்டிருக்கிறார்கள். மீதிக் கதையைக் கைத்தொலைபேசி நிரப்புகிறது. அங்கே உண்மையும் பொய்யும் பாட்டும் பிணமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன.

பிள்ளை ஏற்கெனவே அரைகுறையாகக் கேட்டதற்கு ஒழுங்கையும் திகதியையும் சொற்களையும் கொடுப்பதுதான் நாம் தெரிவுசெய்யும் நூலும் படமும் செய்ய வேண்டிய வேலை. எங்கள் ஊர் வாசிகசாலையில் சிறுவர் வாசிப்பு வட்டம் நடத்தும்போது நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். இதை முடித்த பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு பெரியவரிடம் கேள்வி கேட்குமா? கேட்கும் என்றால் அது நல்ல தெரிவு. பயந்து வாய்மூடிப் போகும் என்றாலோ, கோபத்தை மட்டும் சுமந்துகொண்டு போகும் என்றாலோ, அந்த நூல் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் இன்னும் சில ஆண்டுகள் அலுமாரியில் காத்திருக்கட்டும்.

முதற்படி: பிள்ளையின் கேள்விகளை எழுதி வையுங்கள்

நூல் தேடக் கிளம்புவதற்கு முன் ஓர் அப்பியாசக் கொப்பி எடுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிள்ளை போரைப் பற்றிக் கேட்பதை அதன் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "அந்தப் படத்தில் இருக்கிற மாமா எங்கே போனார்?" "நாங்கள் ஏன் வீட்டை விட்டு ஓடினோம்?" "அந்தக் காணிக்குள் ஏன் போகக்கூடாது?" "நாங்களும் ஆட்களைக் கொன்றோமா?" இவை நான்கும் நான்கு வகைக் கேள்விகள். ஒரே நூல் எல்லாவற்றுக்கும் விடை தராது.

மாமா எங்கே என்ற கேள்விக்கு நூலே வேண்டாம். வீட்டில் ஒருவர் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் ஒரு படத்தைப் போட்டுக் காட்டுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். ஏன் ஓடினோம் என்பதற்கு வரைபடமும் திகதியும் ஒரு நல்ல நினைவுக் குறிப்பும் போதும். காணி பற்றிய கேள்விக்குச் செய்தித்தாள் நறுக்குகள் உதவும். வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவந்த வீடுகளுக்கு இன்னும் திரும்பாத குடும்பங்கள் உண்டு, அந்தச் செய்தி இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. கடைசிக் கேள்விதான் கனமானது. அதற்கான நூல்களைப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளை எதுவுமே கேட்கவில்லை என்றால், வீட்டில் அதைக் கேட்கக்கூடாது என்று அது விளங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். அப்போது நீங்களே ஒரு சிறிய உண்மையைச் சொல்லித் தொடங்குங்கள். "உன் வயதில் நான் பதுங்குகுழிக்குள் இருந்து படித்தேன்" என்ற ஒரு வரி போதும்.

இரண்டாம் படி: நீங்கள் தனியாக, முடிவு வரை

அட்டைப்படத்தையோ இணையத்தில் வந்த பாராட்டையோ நம்பி எதையும் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். நூலைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். படத்தைக் கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடும் வரை பாருங்கள். வன்முறை எந்த நிமிடத்தில் வருகிறது, அது நடிப்பா உண்மைக் காட்சியா, கடைசிப் பத்து நிமிடம் பிள்ளையை எந்த மனநிலையில் விட்டுச்செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் கடைசிதான் முக்கியம். நடுவில் கொடுமை இருந்தாலும், முடிவில் உயிரோடிருக்கும் ஒருவர் பேசுகிறார் என்றால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

வரைகலைப் படம் என்றால் சிறுவருக்கானது என்று நினைப்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். ஜப்பானின் ஸ்டூடியோ கிப்ளி 1988 இல் வெளியிட்ட 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' இதற்கு நல்ல சாட்சி. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் தாயை இழந்த 14 வயது அண்ணனும் 4 வயதுத் தங்கையும் பசியில் மெல்ல மெல்ல அழிந்துபோகும் கதை அது. அண்ணன் இறந்துவிட்டான் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஜப்பானில் அதை மகிழ்ச்சியான இன்னொரு சிறுவர் படத்தோடு சேர்த்து ஒரே காட்சியாகத் திரையிட்டார்கள் என்பது இன்றைக்கும் நம்ப முடியாத செய்தி. மகத்தான படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 13 வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளைக்கும் நான் அதைக் காட்டமாட்டேன். வன்னியில் பட்டினியைக் கண்ட தாய் உள்ள வீட்டில் முதலில் அந்தத் தாயிடம் கேட்பேன்.

தணிக்கைச் சான்றிதழும் ஓரளவு உதவும். இந்தியாவில் 2023 இல் திருத்தப்பட்ட சட்டத்துக்குப் பிறகு யு/ஏ என்ற வகை (பெற்றார் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கலாம் என்பது) 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதை எல்லைக்கல்லாக மட்டும் எடுங்கள். சென்னையில் வளரும் 13 வயதுப் பிள்ளைக்கு வெறும் கதையாக இருப்பது, புதுக்குடியிருப்பில் பிறந்த 13 வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டுச் செய்தியாக இருக்கலாம்.

மூன்றாம் படி: வயதுக்கேற்ற வாசல்

எட்டு வயது வரை போர்ப்படம் எதுவும் வேண்டாம். வீடு மாறுவது, தொலைந்த பொருளைத் தேடுவது, புதிய ஊரில் நண்பனைக் கண்டடைவது, இருப்பதைப் பகிர்ந்து உண்பது என்ற கருக்கள் உள்ள படக்கதைகள் போதும். துப்பாக்கி இல்லாமலே இடப்பெயர்வின் உணர்வைப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். இந்த வயதுக்கு நம் போரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நல்ல படக்கதைகள் மிக அரிது. எழுதும் கையுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மன்றாட்டமாகவே கேட்கிறேன்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு இடமும் திகதியும் வேண்டும். ஓர் ஆள், ஓர் ஊர், ஒரு நாள் என்று எல்லை கட்டிய கதைகளைத் தேடுங்கள். முப்பது ஆண்டுப் போரை முழுதாகச் சொல்ல முயலும் நூல் இந்த வயதில் தலைக்குள் நிற்காது.

பதின்மூன்று முதல் பதினைந்து வரை நாட்குறிப்பும் கவிதையும் நன்றாகப் பிடிக்கும். ஆன் ஃபிராங்க் தன் 13 ஆவது பிறந்தநாளுக்குக் கிடைத்த கொப்பியில் 1942 ஜூனில் எழுதத் தொடங்கினாள். அடுத்த மாதமே குடும்பம் ஒளிந்துகொள்ள வேண்டிவந்தது. 1944 ஓகஸ்ட் 4 ஆம் திகதி பிடிபட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நாட்குறிப்பில் முதலில் பிடிபடுவது அரசியலன்று. அடைபட்ட இடத்தில் ஒரு பிள்ளை தாயோடு சண்டை பிடிப்பதும், வளர்வதும், எழுதுவதும்தான். அம்மாவும் மாமாவும் பதுங்குகுழிக்குள் எப்படி இருந்தார்கள் என்ற கேள்வி அதன்பின் தானாக வரும். ஈழத்துக் கவிதையில் சிவரமணியை இந்த வயதின் கடைசியில் அறிமுகம் செய்யலாம். போர்க்கால இரவின் நெருக்குதல் குழந்தைகளை எப்படி வளர்ந்தவர்களாக்கிவிடுகிறது என்று அவர் எழுதிய கவிதையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒருமுறை கேட்டால் மறப்பதில்லை. அவர் 1991 இல், மிக இளம் வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். பிள்ளை அதை எப்படியும் அறிந்துகொள்ளும்; ஆகவே கவிதையைக் கொடுக்கும் பெரியவர் அதைப் பற்றிப் பேசவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பதினாறுக்கு மேல் கடினமான நூல்களுக்குக் கதவைத் திறக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் போரைப் பதிவுசெய்த 'முறிந்த பனை' போன்ற ஆவண நூல்கள், பிரான்சுக்கு அகதிகளாகப் போகும் ஈழத்தமிழரைப் பற்றி எடுக்கப்பட்டு 2015 இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' போன்ற படங்கள் இந்த வயதுக்குரியவை. 'தீபன்' கதைநாயகனாக நடித்த ஷோபாசக்தி தானே பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். அதைச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

நான்காம் படி: நூலகத்திலிருந்து தொடங்குங்கள்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒரே விடைதான். யாழ்ப்பாணத்தில் இருக்கிறீர்கள், பொதுசன நூலகத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளை கையால் தொடக்கூடிய சான்று அது. அங்கே உயிரிழப்பின் கோரத்தைக் காட்டாமலே போர் எதை அழிக்கும் என்று சொல்லலாம். முடிவும் இருட்டில் நிற்பதில்லை. கட்டடம் மீண்டும் எழுந்து நிற்கிறது, பிள்ளையின் கையில் அதன் அங்கத்துவ அட்டையும் இருக்கலாம்.

கதையை இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர் கூடிக் காசு சேர்த்தது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வடிவில், 1954 இல் அடிக்கல் நாட்டி, 1959 இல் திறந்தார்கள். 1981 ஜூன் 4 ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்கு முன்னான நாட்களில் தெற்கிலிருந்து வந்திறங்கிய பொலிஸாரும் அவர்களோடு வந்தவர்களும் நகரில் வெறியாட்டம் ஆடினார்கள். 'ஈழநாடு' நாளிதழ் அலுவலகம் எரிந்தது. யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு எரிந்தது. மே 31 நள்ளிரவில் மூண்ட தீயில் நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின.

97,000 என்ற எண் பிள்ளைக்கு வெறும் ஓசை. ஆகவே அதை உள்ளே அழைத்துப்போய் ஓர் அலுமாரித் தட்டிலுள்ள நூல்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு அந்த அலுமாரியின் தட்டுகளை, பிறகு அந்த அறையின் அலுமாரிகளை. பெருக்கல் பிள்ளையே செய்யட்டும். தாளில் விடை வரும்போது பிள்ளைகள் தலையை உயர்த்தி அறையை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

இதற்குத் துணையாகச் சோமீதரன் இயக்கிய 'எரியும் நினைவுகள்' என்ற ஆவணப்படம் இருக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு, பெரியவர் ஒருவரோடு பார்க்கத் தகுந்தது. எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' கவிதையையும் எடுங்கள். நூலகத்தை எரித்தவர்கள் புத்தரையே சுட்டு, நூல்களோடு சேர்த்து எரித்தார்கள் என்று கனவாகச் சொல்லும் கவிதை. ஒரு மதத்தின் பெயரால் நடக்கும் கொடுமை அந்த மதத்துக்கே எதிரானது என்ற சிந்தனையைச் சிறிய கவிதைக்குள் வைத்திருக்கிறார். பௌத்தர் எல்லோரும் எதிரிகள் என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் முளைவிடும் இடத்திலேயே அதை எடுத்துப்போடுகிறது. எழுதியவர் கல்முனையைச் சேர்ந்த முஸ்லிம், அந்நாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தவர். இதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: உண்மையைச் சரிபாருங்கள்

கதை உருக்கமாக இருந்துவிட்டால் உண்மையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறோம். கூச்சம் வேண்டாம்.

ஹிரோஷிமாவின் சடாகோ சசாகியின் கதை பல பாடசாலைகளில் சொல்லப்படுகிறது. 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி குண்டு விழுந்தபோது அவளுக்கு 2 வயது. 12 வயதில் இரத்தப் புற்றுநோயால் 1955 ஒக்டோபர் 25 இல் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்று நம்பி மடித்தாள். 644 கொக்குகளோடு அவள் இறந்துவிட்டாள் என்றும், மீதியைத் தோழிகள் மடித்தார்கள் என்றும் 1977 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறுவர் நூல் எழுதியது. அதுவே உலகெங்கும் பரவியது. ஆனால் அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்று குடும்பத்தினரும் ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகமும் சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு வடிவத்தையும் சொல்லி, "எழுத்தாளர் ஏன் மாற்றியிருப்பார்?" என்று கேளுங்கள். எண்ணிக்கை முடிந்தும் சாவு வந்தது என்பதை எழுதுவதுதான் கடினம் என்று ஒரு பிள்ளையாவது கண்டுபிடித்துவிடும்.

இதைவிடப் பாரதூரமானது இன்னொன்று. நாஜி வதைமுகாம் அதிகாரியின் மகன் கம்பிவேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவனோடு நட்பாவதைச் சொல்லும் 'த போய் இன் த ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்' என்ற நாவலும் 2008 இல் வந்த அதன் படமும் பல நாடுகளில் பாடசாலைகளில் பயன்படுத்தப்படுகின்றன. இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று அவுஷ்விட்ஸ் நினைவகம் 2020 இல் வெளிப்படையாகவே சொன்னது. அங்கே கொண்டுவரப்பட்ட சிறு பிள்ளைகளில் பெரும்பாலானோர் வந்திறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள். வேலியோரம் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருக்க அவர்களுக்கு வாழ்நாள் கிடைக்கவில்லை. கதையின் வசதிக்காகக் கொடுமையைச் சிறிதாக்கும் நூல், வெறுப்பை ஊட்டும் நூலுக்கு அடுத்த இடத்தில் வைக்கத்தக்கது.

நம் பக்கத்துக்கு வந்தால் 'கன்னத்தில் முத்தமிட்டால்' எல்லா வீட்டிலும் பார்க்கப்பட்ட படம். 2002 இல் வந்தது. அதன் இலங்கைக் காட்சிகள் இலங்கையில் படமாக்கப்படவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, பயிற்சியாக்கிக்கொள்ளுங்கள். நிலம், மரம், பேச்சு, உடை, வீடு ஆகியவற்றில் எவை எங்களுடையவை, எவை எங்களுடையவை போல் இல்லை என்று பிள்ளைகள் ஒரு தாளில் எழுதட்டும். தங்களைப் பற்றி மற்றவர்கள் எடுக்கும் படத்தை எப்படிப் பார்ப்பது என்று அன்றைக்கே பழகிவிடுவார்கள்.

சரிபார்க்கும்போது நான் கேட்பவை: எழுதியவர் அப்போது எங்கே இருந்தார்? எந்த ஆண்டில் எழுதினார், போருக்குள் இருந்தா, பிறகா? எண்களுக்கு மூலம் சொல்கிறாரா? பிள்ளையின் கையில் துப்பாக்கியை வீரமாகக் காட்டுகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் நான் மேலே படிப்பதில்லை. எந்தப் பக்கத்து நூலாக இருந்தாலும் சரி. சிறுவர்களைப் படையில் சேர்த்தது எங்கள் வரலாற்றில் நடந்தது. அதைப் பெருமையாக அடுத்த தலைமுறைப் பிள்ளையிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஆறாம் படி: பேசாமல் விடப்பட்டவர் யார்?

"நாங்களும் ஆட்களைக் கொன்றோமா?" என்ற கேள்வியை இங்கே எடுக்கலாம். அதற்கு ஆம் என்றே விடை சொல்ல வேண்டும். அதற்கு முன் எங்களுக்கு நடந்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் பிள்ளை பெரியவனானதும் மறைத்ததைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். பிறகு சொன்னதையும் நம்பாது.

ஒரு நாட்காட்டியை எடுத்து ஒக்டோபர் 30 ஐத் திறந்து வையுங்கள். 1995 இல் அன்றுதான் வலிகாமம் மக்கள் வெளியேறினார்கள். படைகள் நெருங்கிவர, மழைக்குள், செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் 4 முதல் 5 இலட்சம் பேர் தென்மராட்சிக்கு நடந்தார்கள். எங்கள் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் இந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒரு கதை உண்டு. அதே ஒக்டோபர் 30, ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 இல், யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் தங்கள் வீடுகளை விட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டார்கள். சோனகத்தெரு ஒரே நாளில் வெறிச்சோடியது. வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அந்த ஒக்டோபரில் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள்.

இரண்டு ஒக்டோபர் 30 ஐயும் ஒரே நாளில் படிக்கக் கொடுங்கள். ஒன்றுக்கு அம்மம்மாவின் வாய்மொழி. மற்றதற்கு முஸ்லிம் ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்பு அல்லது சிறுகதை. இரண்டிலும் என்ன எடுத்துச்சென்றார்கள், என்ன விட்டுச்சென்றார்கள் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். நூலகத்துக்காக அப்படியொரு கவிதை எழுதியவரின் சமூகத்துக்கு ஒன்பது ஆண்டுகளில் இந்த நகரில் இடமில்லாமல் போனது என்பதைப் பிள்ளைகள் தாங்களே சேர்த்துப் பார்ப்பார்கள்.

சிங்களப் பக்கத்துக்கு, பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்ற படத்தைப் பரிந்துரைக்கிறேன். போருக்குப் போன மகனின் உடல் திறக்கக்கூடாத பெட்டியில் வருகிறது. கண் தெரியாத கிழவரான தந்தை மகன் இறந்ததை ஏற்க மறுக்கிறார். திரையில் சண்டை இல்லை. வறண்ட குளமும் குடிசையும் காத்திருப்பும்தான். 14 வயதிலிருந்து காட்டலாம். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பிள்ளைகள் அறிவார்கள். அந்தக் கிழவரையும் இந்தத் தாய்மாரையும் பற்றி ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வேறுபாடுகளும் உண்டு, அவற்றையும் எழுதட்டும்.

ஏழாம் படி: படம் பார்க்கும் முறை

பகலில் பாருங்கள். இரவில் பார்த்தால் பிள்ளை அதோடு படுக்கைக்குப் போகும். தொலைக்காட்சியிலோ கணினியிலோ பாருங்கள். கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். யூரியூப்பில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை முதலில் நிறுத்துங்கள். நல்ல ஆவணப்படம் ஒன்று முடிந்த கையோடு 2009 இன் உண்மைச் சாவுக் காட்சிகள் திரையில் வந்து நிற்கும். அவை நீதிக்கான சான்றுகள். பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் அவர்களில் அடங்கார்.

எந்த இடத்திலும் நிறுத்தலாம், எழுந்து போகலாம், அதற்காக யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். முழுப்படமும் காட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை. இருபது நிமிடப் பகுதி ஒன்றை நன்றாகப் பேசினால் போதும். முடிந்ததும் உடனே கேள்வி கேட்காதீர்கள். தேநீர் குடியுங்கள், வெளியே நடந்துவிட்டு வாருங்கள். பிறகு "இதிலிருந்து என்ன படித்தாய்?" என்று கேட்க வேண்டாம், பிள்ளை உங்களுக்குப் பிடித்த விடையைத் தேடும். "எந்த இடத்தில் கண்ணை மூடினாய்?" "யார் கடைசிவரை பேசவேயில்லை?" என்று கேளுங்கள்.

அடுத்த சில நாட்கள் கவனியுங்கள். தூக்கம் கெடுவது, படுக்கை நனைவது, காரணமில்லாத தலைவலி, சாப்பாட்டில் வெறுப்பு என்று ஏதேனும் தொடர்ந்தால் நூலையும் படத்தையும் நிறுத்திவிட்டுப் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரையோ யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுங்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதிய 'மனவடு' பெரியவர்கள் முதலில் படிக்க வேண்டிய நூல். பிள்ளைக்கு முன், சில வேளைகளில் எங்களுக்கே அது தேவைப்படும்.

செய்தியாகப் போர் திடீரென்று வீட்டுக்குள் வரும் நாட்களும் உண்டு. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் பிள்ளை ஒன்றின் எச்சங்களோடு பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொம்மையும் வெளிவந்தபோது, அந்தப் படம் எல்லாப் பிள்ளைகளின் கண்ணுக்கும் போய்விட்டது. அப்படியான நாளில் புதிய நூல் எதையும் எடுக்காதீர்கள். என்ன தெரியும், என்ன இன்னும் தெரியாது, யார் விசாரிக்கிறார்கள் என்ற மூன்றையும் நேர்மையாகச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: வகுப்பறையில் கூடுதல் கவனம்

வீட்டில் ஒரு பிள்ளை; வகுப்பில் முப்பது வரலாறுகள். ஒருவரின் தந்தை இயக்கத்தில் இருந்தவர், ஒருவரின் மாமா இயக்கத்தால் கொல்லப்பட்டவர், ஒருவரின் தாய் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர், ஒருவரின் குடும்பம் புத்தளத்தில் இருந்து திரும்பியது. படம் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே பெற்றாருக்குக் கடிதம் கொடுத்து, விருப்பமில்லாதவர்களுக்கு வேறு வேலை ஒழுங்குசெய்யுங்கள். "உங்கள் வீட்டில் யார் இறந்தது?" என்று வகுப்பின் நடுவே ஒருபோதும் கேட்காதீர்கள்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். விடுதலைப் புலிகள் இலங்கையில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுகளுக்காகவும் ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள். இலச்சினை, கொடி உள்ள பகுதிகளை வகுப்பில் பயன்படுத்துவதற்கு முன் அதிபரோடு பேசுங்கள். பிள்ளைகள் அவற்றைத் தங்கள் தொலைபேசியில் பகிராமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் கடமை.

எங்கே தேடுவது?

முதலில் நூலகம் அறக்கட்டளையின் இணைய நூலகம். 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். ஒரு நாளின் செய்தி அன்றைக்கு எப்படி அச்சானது என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. பொதுசன நூலகத்தில் சிறுவர் பகுதி உண்டு. புதிய நூல்களுக்குப் பூபாலசிங்கம் புத்தகசாலை. படங்களுக்கு, 2015 இலிருந்து நடந்துவரும் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஏற்ற ஆவணப்படங்கள் வரும். அரசாங்க வரலாற்றுப் பாடநூலையும் ஒதுக்காதீர்கள். இந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி அதில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே அளந்து பார்க்கட்டும்.

கடைசிப் படி: நூலுக்குப் பிறகு வீடு

படித்ததை வீட்டோடு இணைக்கும் வேலை ஒவ்வொரு நூலுக்குப் பிறகும் இருக்க வேண்டும். பொருளிலிருந்து தொடங்குவது எளிது. பல வீடுகளில் இன்னும் பழைய சைக்கிள் டைனமோ கிடக்கும். மின்சாரமும் பற்றரியும் இல்லாத பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளை நிறுத்திவைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவில் இருந்து வானொலிக்கு வயர் கொடுத்துச் செய்தி கேட்டார்கள். அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பிள்ளை மிதிக்கட்டும். மிதி தளர்ந்தால் குரல் அமுங்கும். மீண்டும் வேகம் எடுத்தால் குரல் எழும். ஒரு செய்தியறிக்கை முழுவதும் மிதித்துப் பார்த்த பிள்ளைக்குத் தடை என்ற சொல்லின் பொருள் காலில் தெரியும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்த சிக்கன விளக்கையும் பெரியவர் ஒருவர் கையால் செய்து ஏற்றட்டும். அதன் வெளிச்சத்தில் ஒரு பக்கம் வாசிக்க முயலட்டும்.

அதன்பின் பிள்ளை அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்கலாம். கேட்பதற்கு முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள்; சொல்ல விரும்பாததைச் சொல்லவைக்காதீர்கள். ஐந்து கேள்விகளைப் பிள்ளையே எழுதிக்கொண்டு போகட்டும். முதற் கேள்வி எப்போதும் இலகுவானதாக இருக்கட்டும்: "அன்றைக்கு என்ன சமைத்திருந்தீர்கள்?" தொலைபேசியில் குரலை மட்டும் பதியுங்கள், படக்கருவியைக் கண்டால் பலர் வாயடைத்துப்போவார்கள். அவர் அழுதால் பதிவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் திகதி, இடம், பேசியவரின் வயது, இடம்பெயர்ந்த பாதை ஆகியவற்றைப் பிள்ளை தன் கையால் எழுதி, வரைபடத்தில் நூல் ஒட்டிக் காட்டட்டும்: யாழ்ப்பாணம், நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம், பிறகு கிளாலிக் கடலால் வன்னி. பதிவை இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். அவருக்குச் சம்மதமென்றால் ஒரு பிரதியை நூலகத்துக்கு அல்லது ஊர் வாசிகசாலைக்குக் கொடுங்கள். சம்மதமில்லை என்றால் அது குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்.